‘ரெத்தம் குறைவாம்!’ – இரத்தசோகையை வைத்தியர்கள் கண்டறியும் விதம்

திருகோணமலை வீதியால் வாழைச்சேனையைக் கடந்து வடக்கே போனால் காயங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை என்று ஊர்கள் வரிசையாக வரும். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் காடும் களப்பும். மாங்கேணிப் பக்கத்தில் கிளினிக் முடிந்து வரும் பெண்ணொருத்தியிடம், "டொக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கும். "ரெத்தம் குறைவாம். குளிசை தந்திரிக்கி." எவ்வளவு குறைவு, எதனால் குறைவு என்று கேட்டால், "அதெல்லாம் தெரியா" என்பாள். அடுத்த வருடமும் அதே பதில். சில வேளை அவளுடைய மகளிடமிருந்தும் அதே பதில்.

காய்ச்சல் என்று போனால் நாம் சும்மா விடுவதில்லை. டெங்குவா, நெருப்புக் காய்ச்சலா, எலிக் காய்ச்சலா என்று கேட்டுத் துளைக்கிறோம். ஏனென்றால் காய்ச்சல் ஒரு அடையாளம் மட்டுமே, உள்ளே வேறொரு காரணம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இரத்தசோகையும் அப்படித்தான். ‘இரத்தம் குறைவு’ என்பது அடையாளம். காரணத்தைத் தேடும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தத் தேடலை வைத்தியர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதை விளங்கிக்கொண்டால், கிளினிக்கில் நமக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தை நாம் சரியாகப் பயன்படுத்தலாம்.

எது குறைகிறது?

‘இரத்தம் குறைவு’ என்று சொன்னாலும் உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவு வற்றிவிட்டது என்று பொருளில்லை. வளர்ந்த ஒருவரின் உடம்பில் நாலரை, ஐந்து லீற்றர் இரத்தம் இருக்கும். சோகை வந்தவரிலும் அநேகமாக அவ்வளவு இருக்கும். குறைவது அதன் செங்குழியங்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின். சுவாசப்பையில் ஒட்சிசனைப் பிடித்து உடம்பெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் புரதம் அது. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவதும் அதுவே. அதன் நடுவில் இருப்பது இரும்பு.

உலக சுகாதார நிறுவனம் ஒரு டெசிலீற்றர் (100 மில்லிலீற்றர்) இரத்தத்தில் இத்தனை கிராமுக்குக் குறைந்தால் சோகை என்று எல்லை வகுத்திருக்கிறது. ஆண்களுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11. கர்ப்பிணிக்கு ஏன் எல்லை இறங்குகிறது? கர்ப்ப காலத்தில் செங்குழியங்கள் கூடுகின்றன. ஆனால் அவற்றைச் சுமக்கும் நீர்ப்பகுதி அதைவிட அதிகமாகக் கூடுகிறது. குழம்பில் தண்ணீர் கூடினால் உறைப்புக் குறைவதைப் போன்ற கதைதான். 2024 இல் வெளியான புதிய வழிகாட்டலில் கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களுக்கு 10.5 என்றும், ஆறு மாதம் முதல் இரண்டு வயது நிறைவடையும் வரையான பிள்ளைகளுக்கு 10.5 என்றும் எல்லை திருத்தப்பட்டிருக்கிறது. கர்ப்பிணிக்கு 7 இற்குக் கீழே போனால் அது கடுமையான சோகை. தாயின் உயிருக்கே ஆபத்தான நிலை.

இது அபூர்வமான வியாதியுமில்லை. 2019 ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 15 இலிருந்து 49 வயது வரையான பெண்களில் 30 வீதத்தினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 40 வீதத்தினருக்கும் சோகை இருந்தது. பத்துப் பெண்கள் கூடியிருக்கும் ஒரு கல்யாண வீட்டுத் திண்ணையை நினைத்துப் பாருங்கள். உலகக் கணக்குப்படி அதில் மூன்று பேர்.

ஊசிக்கு முதல் கேள்விகள்

நல்ல வைத்தியர் இரத்தம் எடுக்க முதல் கேள்வி கேட்பார். "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா? நெஞ்சு படபடக்குதா? தலை சுத்துதா?" என்று தொடங்குவார். இவை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை ஊகிக்க உதவும். எதனால் குறைந்தது என்பதைக் காட்டுவது அடுத்து வரும் கேள்விகள்: என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை பிள்ளைகள், இடைவெளி எவ்வளவு, நோவுக்கு என்ன குளிசை போடுகிறீர்கள், மலம் கறுப்பாகப் போகிறதா, குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா. பச்சை அரிசி, சாம்பல், மண், ஐஸ்கட்டி தின்ன ஆசை வருகிறதா என்றும் கேட்கக்கூடும். சிரிப்பதற்குரிய கேள்வியில்லை இது. இரும்புச்சத்துக் குறைந்தவர்களில் இந்த ஆசை உண்மையாகவே வரும்; பலர் வெட்கத்தில் மறைப்பார்கள்.

பெண்களிடம் கேட்கும் முக்கியமான கேள்வி மாதவிடாய் பற்றியது. இந்த இடத்தில் நம் பெண்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு வசதியும், அதோடு ஒரு ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன.

வசதி இது: தொழுகை, நோன்பு காரணமாக நம் பெண்களுக்கு நாட்கணக்கு நன்றாகத் தெரியும். எந்த நாளில் தொடங்கியது, எந்த வக்தில் சுத்தமானது என்று சொல்வார்கள். வைத்தியருக்கு இதைவிடச் சிறந்த குறிப்பேடு கிடையாது.

ஆபத்து இது: ஷாபிஈ மத்ஹபில் ஹைழின் ஆகக்கூடிய காலம் 15 நாட்கள். அதைத் தாண்டினால் இஸ்திஹாழா என்ற வேறு சட்டம். மத்ரஸாவில் இதைப் படித்த பெண்ணொருத்தி, பத்து நாள், பன்னிரண்டு நாள் போனாலும், "பதினஞ்சுக்குள்ளதானே, இது ஹைழ்தானே" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறாள். அந்த 15 நாள் எல்லை தொழுகையை எப்போது விடுவது, எப்போது தொடங்குவது என்பதற்கானது. உடம்பு எவ்வளவு இழப்பைத் தாங்கும் என்பதற்கு அது அளவுகோல் கிடையாது. வைத்திய நோக்கில் ஏழெட்டு நாளுக்கு மேல் போவது, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டி வருவது, இரவில் எழும்பி மாற்றுவது, கட்டி கட்டியாகப் போவது ஆகிய எல்லாம் அதிக உதிரப்போக்கின் அடையாளங்கள். இதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மார்க்கம் இந்த வேறுபாட்டை அறியாததன்று. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) அவர்கள் தமக்கு உதிரம் நிற்காமல் போவதாக நபி (ஸல்) அவர்களிடம் வந்து வெளிப்படையாகக் கேட்டார்கள். அது மாதவிடாய் இல்லை, ஒரு நரம்பிலிருந்து வருவது என்ற விளக்கம் அவர்களுக்குக் கிடைத்தது. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கும் சம்பவம் இது. ஒரு ஸஹாபிப் பெண்மணி அல்லாஹ்வின் தூதரிடமே கேட்ட கேள்வியை இன்று நம் பெண்கள் டொக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். பக்கத்தில் கணவனோ, மாமியோ இருந்தால் வாயே திறப்பதில்லை. டொக்டரிடம் சொல்ல வெட்கமென்றால் வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவிச்சியிடமாவது சொல்லலாம். அவர் எழுதிக் கொடுப்பார்.

இழப்பின் கணக்கையும் பாருங்கள். சாதாரண மாதவிடாயில் 30, 40 மில்லிலீற்றர் இரத்தம் போகும். 80 மில்லிலீற்றருக்கு மேல் போனால் அதிகம். 80 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 35 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 28 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். உடம்பு சாதாரணமாகவே நாளுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் இழக்கிறது. நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உறிஞ்சப்படுவதோ நாளுக்கு ஒன்று தொடக்கம் இரண்டு மில்லிகிராம்தான். வரவும் செலவும் எங்கே முட்டுகிறது என்பது இதில் தெரியும். ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் மொத்தமாக ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு தேவை. பிள்ளைகளுக்கிடையில் இடைவெளி குறைந்தால் கடன் அடைபடாமலே அடுத்த கடன் ஏறுகிறது. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் நம் பழக்கம், சோற்றிலும் கீரையிலும் உள்ள கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது.

கண்ணிமையும் உள்ளங்கையும்

அடுத்து வைத்தியர் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். நாக்கு, உள்ளங்கை ரேகை, நகம் எல்லாம் பார்ப்பார். வெளிறியிருந்தால் சோகை என்று ஊகிக்கலாம். நகம் கரண்டிபோல் குழிந்திருந்தால் நீண்டகால இரும்புக் குறைபாடு. நாக்கு வழுவழுத்துச் சிவந்து எரிந்தால் இரும்போ விற்றமினோ குறைந்திருக்கலாம். கண் மஞ்சளாக இருந்தால் செங்குழியங்கள் உடைகின்றனவோ என்று யோசிப்பார். வயிற்றின் இடப்பக்கம் அழுத்தி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார்.

பாண்டு, காமாலை என்று பழைய வைத்தியம் பேசிய காலத்திலிருந்து இந்தக் கண் பார்வைச் சோதனை இருக்கிறது. கடுமையான சோகையை அது காட்டிக்கொடுக்கும். இலேசான, நடுத்தரமான சோகை பலமுறை அதற்குத் தப்பிவிடும். "கண்ணைப் பாத்தா நல்லாத்தானே இரிக்கி" என்று உம்மம்மா சொல்வதை வைத்து முடிவெடுக்க முடியாதது இதனால்தான்.

ஒரு துளி இரத்தம்

விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளியில் ஹீமோகுளோபினை அளக்கும் முறைகள் நூறு வருடத்துக்கும் மேலானவை. 1902 இல் சுவிற்சர்லாந்து வைத்தியர் ஹேர்மன் சாலி, இரத்தத்தை அமிலத்தோடு கலந்து, தண்ணீர் விட்டு விட்டு நிறத்தை ஒப்பிடும் ஒரு குழாயை உருவாக்கினார். ஒற்றுத்தாளில் துளியை வைத்து, அச்சிட்ட சிவப்பு நிறப் பட்டைகளோடு ஒப்பிடும் முறையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நிற அட்டை அந்த வகையைச் சேர்ந்தது. மின்சாரமில்லாத கிராமக் கிளினிக்குக்கும் அது பொருந்தும். இரண்டிலும் பார்ப்பவரின் கண்தான் அளவுகோல். வெளிச்சம் குறைந்தாலோ கண் களைத்தாலோ கணக்கு மாறும். இப்போது கையடக்க மின்கருவிகள் வந்து அந்தக் குறையைத் தீர்த்திருக்கின்றன. ஆனாலும் இரத்தம் வராத விரலைப் பிசைந்து பிழிந்தால், திசுநீர் கலந்து அளவு மாறிக் காட்டும். ஒரு முறை குறைந்து, மறுமுறை கூடி வந்தால் கலங்கத் தேவையில்லை. நரம்பில் இரத்தம் எடுத்து உறுதிசெய்வார்கள்.

"ஏற்கெனவே குறைவு, இதில நீங்களும் எடுத்தா?" என்று பயப்படும் தாய்மார் உண்டு. ஊதா மூடி போட்ட சின்னப் போத்தலுக்குத் தேவைப்படுவது இரண்டு, மூன்று மில்லிலீற்றர். உடம்பில் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. ரமழானில் நோன்போடு இருக்கும்போது பரிசோதனைக்குச் சிறிதளவு இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் தரும் விளக்கம். ஆகவே நோன்பைக் காரணம் காட்டித் தள்ளிப்போடவும் தேவையில்லை.

கர்ப்பிணிகளுக்கு, பதியும்போது ஒருமுறையும், ஏழாம் மாதமளவில் இன்னொரு முறையும் இந்தப் பரிசோதனை செய்யப்படும். இரண்டாவதைத் தவறவிடக் கூடாது. முதல் பரிசோதனையில் 11.5 இருந்தவள், அந்த நேரத்தில் 9 இற்கு இறங்கியிருக்கலாம்.

ரிப்போட்டில் எந்த வரியைப் பார்ப்பது?

எப்.பி.சி. என்று எழுதித் தரும் முழுக் குருதிக் கல எண்ணிக்கையின் ரிப்போட்டில் இருபது வரி இருக்கும். எச்.பி. என்பதை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைக்கிறோம். அதற்குக் கீழே எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். செங்குழியம் ஒன்றின் சராசரிப் பருமன் அது. 80 இலிருந்து 100 வரை வழமை. காரணத்தைத் தேடும் பாதை இந்த வரியிலேயே மூன்றாகப் பிரிகிறது.

80 இற்குக் கீழே, அதாவது கலங்கள் சிறிதாக இருந்தால்: பெரும்பாலும் இரும்புக் குறைபாடு அல்லது தலசீமியா. 100 இற்கு மேலே பெரிதாக இருந்தால்: ஃபோலிக் அமிலம் அல்லது விற்றமின் பி12 குறைபாடு, சில வேளை ஈரல் நோய், தைரொயிட் குறைபாடு. வழமையான பருமனில் இருந்தும் எண்ணிக்கை குறைந்தால்: அண்மையில் நடந்த இரத்த இழப்பு, சிறுநீரக நோய், நீண்டகால வியாதிகள், என்பு மச்சையின் பழுது.

இதோடு வைத்தியர் ‘பிளட் பிக்ச்சர்’ என்று எழுதினால், ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் ஒரு நிபுணர் கண்ணால் பார்த்துச் சொல்லும் அறிக்கை அது. இயந்திரம் பருமனைத்தான் சொல்லும். வடிவத்தைக் கண்தான் சொல்லும்.

சிறிய கலங்கள்: இரும்பா, தலசீமியாவா?

விளங்குவதற்காக இரண்டு பெண்களின் ரிப்போட்டை நானே கற்பனையாக எழுதிக் காட்டுகிறேன். முதலாமவளுக்கு எச்.பி. 9, எம்.சி.வி. 68, செங்குழிய எண்ணிக்கை 4.2 மில்லியன். இரண்டாமவளுக்கு எச்.பி. 11.2, எம்.சி.வி. 64, எண்ணிக்கை 5.6 மில்லியன். இருவருக்கும் ‘ரெத்தம் குறைவு’தான், இருவருக்கும் கலங்கள் சிறியவைதான். ஆனால் எம்.சி.வி.யை எண்ணிக்கையால் பிரித்துப் பாருங்கள். முதலாமவளுக்கு 16, இரண்டாமவளுக்கு 11 சொச்சம். 13 இற்கு மேல் வந்தால் இரும்புக் குறைபாட்டின் பக்கமும், கீழே வந்தால் தலசீமியாக் காவியின் பக்கமும் சாயும் என்பது வைத்தியர்கள் பாவிக்கும் ஒரு மனக்கணக்கு. இரும்பில்லாத உடம்பு கலங்களைச் சிறிதாகவும் குறைவாகவும் செய்கிறது. தலசீமியாக் காவியின் உடம்போ சிறிய கலங்களை ஏராளமாகச் செய்கிறது. இது சந்தேகத்தைத் திசைகாட்டும் கணக்கு மட்டுமே; உறுதிசெய்ய வேறு பரிசோதனைகள் வேண்டும்.

இரும்பின் பக்கத்தை உறுதிசெய்வது ஃபெரிற்றின். உடம்பின் இரும்புக் களஞ்சியத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை அது காட்டும். வளர்ந்தவர்களில் லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் களஞ்சியம் காலி. ஒரு பொறி இதில் உண்டு. காய்ச்சல், தொற்று, மூட்டுவாதம் இருக்கும்போது ஃபெரிற்றின் பொய்யாக உயர்ந்து நிற்கும். அதனால் தொற்று இருப்பவருக்கு 70 இற்குக் கீழே இருந்தாலே குறைபாடு என்று கொள்ளும்படி உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வழிகாட்டியிருக்கிறது. சி.ஆர்.பி. என்ற இன்னொரு பரிசோதனையைச் சேர்த்து எழுதுவது இந்தப் பொறியில் விழாமல் இருக்கத்தான்.

தலசீமியாவின் பக்கத்தை உறுதிசெய்வது எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனை. ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்து, ஏ2 என்ற வகை 3.5 வீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று அது பார்க்கும். இரும்புக் குறைபாடும் சேர்ந்திருந்தால் ஏ2 குறைந்து காட்டலாம். ஆகவே முதலில் இரும்பைச் சீர்செய்துவிட்டுப் பரிசோதிக்கச் சொல்வார்கள்.

இது நமக்கு ஏன் முக்கியம்? தலசீமியாக் காவி நோயாளியில்லை. நல்ல தேகசுகத்தோடு வாழ்வார். அவருக்கு வருடக்கணக்கில் இரும்புக் குளிசை கொடுத்தும் எச்.பி. ஏறாமல் நிற்கும், அது வீண். ஆனால் காவி ஒருவர் இன்னொரு காவியைத் திருமணம் செய்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளை கடுமையான தலசீமியாவோடு பிறப்பதற்கு. அந்தப் பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தால் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் வேண்டும். குருநாகல் வைத்தியசாலையிலுள்ள தலசீமியா நிலையத்துக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு அந்தச் சுமை தெரியும். மாமி மகன், மாமா மகள் என்று சொந்தத்துக்குள் கலியாணம் முடிப்பது நம்மிடையே வழமை. மார்க்கத்தில் அது ஆகுமானது. ஒரே பாட்டனிடமிருந்து ஒரே மரபணு இரு பக்கமும் வந்திருக்கும் வாய்ப்பு அங்கே கூடுதல் என்பதும் உண்மை. பெண் பார்க்கும் காலத்திலேயே இரு பக்கமும் ஒரு எப்.பி.சி. எடுத்து எம்.சி.வி.யைப் பார்த்துவிடுவது, சீதனப் பேச்சைவிட முக்கியமான பேச்சு. ஒருவர் காவி, மற்றவர் காவியில்லை என்றால் கடுமையான தலசீமியாப் பிள்ளை பிறப்பதில்லை. பயமின்றி நிக்காஹ் முடிக்கலாம்.

பெரிய கலங்கள்: பம்பாயில் ஒரு பெண் வைத்தியர்

1928 இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான சோகை வந்து இறந்துகொண்டிருந்தார்கள். நுணுக்குக்காட்டியில் அவர்களுடைய கலங்கள் சிறிதாக இல்லாமல் பெரிதாக இருந்தன. யாருக்கு அதிகம் வருகிறது என்று அவர் தேடியபோது, ஏழை முஸ்லிம் பெண்களுக்கே அதிகம் என்று கண்டார். அவர்களுடைய சாப்பாடுதான் மிகவும் சத்துக் குறைந்ததாக இருந்தது. பல உணவுகளைச் சோதித்து, கடைசியில் ‘மார்மைற்’ என்ற ஈஸ்ற் சாறு அவர்களைக் குணமாக்குவதைக் கண்டு 1931 இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்துத்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று நம் கர்ப்பிணிகளின் கையில் வைக்கப்படும் ஃபோலிக் அமிலக் குளிசையின் கதை, பம்பாயின் ஏழை முஸ்லிம் பெண்களின் வெளிறிய முகங்களில் தொடங்குகிறது. ‘என்ன சாப்பிடுகிறாய்?’ என்று அவர்களிடம் ஒருவர் கேட்டதால் கிடைத்த பலன் அது.

பி12 குறைபாடும் இதே பெரிய கலங்களைக் காட்டும். மீன், இறைச்சி தின்னும் நம்மிடையே அது குறைவு. ஆனால் வயதானவர்களிலும், சீனி வியாதிக்கு நீண்டகாலம் மெற்ஃபோமின் எடுப்பவர்களிலும் வரலாம். கை கால் விறைப்பு, நடையில் தள்ளாட்டம் சேர்ந்திருந்தால் பி12 அளவைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் எச்.பி. ஏறிவிடும், நரம்பின் பழுது மறைவாகத் தொடரும்.

மறைந்திருக்கும் காரணங்கள்

கிழக்கில் ஒரு காலம் சோகை என்றால் மலேரியாவை நினைக்காமல் இருக்க முடியாது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இன்று அந்தக் கேள்வி, வெளிநாடு போய் வந்தவர்களிடம் மட்டுமே கேட்கப்படுகிறது.

கொக்கிப்புழு அப்படி மறையவில்லை. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கும்போது தோலால் புகும் புழு அது. ஒரு புழு நாளுக்கு 0.03 மில்லிலீற்றர் இரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் மாதத்துக்கு 90 மில்லிலீற்றர். ஒவ்வொரு மாதமும் இன்னொரு கடும் மாதவிடாய் நடப்பதற்குச் சமம். மலப் பரிசோதனை கேட்பது இதற்காகத்தான். கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கழிந்தபின் புழுமருந்து தருவார்கள். அதைப் பயந்து எறிந்துவிடுவோரும் உண்டு. பேராசிரியை நிலாந்தி டி சில்வாவின் குழு இலங்கைத் தாய்மாரிடம் செய்த ஆய்வு 1999 இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் வந்தது. உரிய காலத்தில் அந்த மருந்தை எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் பிறவிக் குறைபாடு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. பிறப்பையொட்டிய மரணங்கள் குறைந்திருந்தன.

ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைபாடு வந்தால் அது எச்சரிக்கை மணி. அவர்களுக்கு மாதாமாதம் இழப்பில்லை. ஆகவே இரத்தம் குடலிலோ இரைப்பையிலோ கசிகிறதா என்று தேட வேண்டும். நோவுக்கு அடிக்கடி போடும் குளிசை ஏற்படுத்திய புண்ணாக இருக்கலாம், மூலமாக இருக்கலாம், குடல் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். "வாப்பாக்கு வயசு போச்சி, அதான் வெளுத்திரிக்காரு" என்று சொல்லி இரும்புக் குளிசை மட்டும் வாங்கிக் கொடுத்தால், எச்.பி. கொஞ்சம் ஏறும், உள்ளே இருப்பது வளரும். குழாய் விட்டுப் பார்க்கும் எண்டொஸ்கோப்பி பரிசோதனைக்கு வைத்தியர் அனுப்பினால் மறுக்கக் கூடாது.

சீனி வியாதிக்காரருக்கு வழமையான பருமனில் சோகை வந்தால் சிறுநீரகத்தைப் பார்ப்பார்கள். என்பு மச்சையை வேலை செய்யத் தூண்டும் சுரப்பு அங்கிருந்துதான் வருகிறது. இன்னொன்றும் அவர்கள் அறிய வேண்டும்: மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ1சி. பரிசோதனை, சோகை இருப்பவரில் கூடியோ குறைந்தோ பிழையாகக் காட்டலாம்.

குளிசையும் ஒரு பரிசோதனைதான்

ஃபெரிற்றினும் எச்.பி.எல்.சி.யும் எல்லா ஊரிலும் உடனே கிடைப்பதில்லை. மாங்கேணியிலிருந்து வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புக்கோ பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும். இரும்புக் குறைபாடு என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், வைத்தியர் முதலில் இரும்பைக் கொடுத்துப் பார்ப்பார். சரியாக எடுத்தால் மூன்று, நாலு கிழமையில் எச்.பி. ஒன்றோ இரண்டோ ஏற வேண்டும். ஏறினால் ஊகம் சரி. ஏறாவிட்டால், குளிசையை ஒழுங்காக எடுக்கவில்லை, அல்லது இழப்புத் தொடர்கிறது, அல்லது இது இரும்புக் குறைபாடே இல்லை.

இங்கேதான் நம் பக்கத்துப் பொய் பெரிய தடையாகிறது. குளிசை வயிற்றைப் பிரட்டும், மலச்சிக்கல் தரும், மலம் கறுப்பாகும் என்று பலர் இடையில் விட்டுவிடுகிறார்கள். டொக்டர் கேட்டால், "குடிக்கிறன்" என்கிறார்கள். அதை நம்பிய வைத்தியர், தேவையில்லாத பரிசோதனைகளுக்குப் போக நேரிடும். உண்மையைச் சொன்னால் வேறு வகைக் குளிசையோ, நேரத்தை மாற்றியோ தருவார். விற்றமின் சி யோடு எடுக்கலாம். கல்சியம் குளிசையையும், தேநீரையும், தயிரையும் அந்த நேரத்தில் தள்ளி வைக்க வேண்டும். எச்.பி. சரியான பிறகும் களஞ்சியம் நிரம்ப இன்னும் மூன்று மாதமளவில் எடுக்கச் சொல்வார்கள்.

ஓதிப் பார்ப்பதும் துஆக் கேட்பதும் நம் ஈமானின் பகுதி. நெஞ்சு படபடத்து மயங்கி விழுபவளைக் கண்ணூறு என்று சொல்லி ஓதின தண்ணியோடு வீட்டில் வைத்திருப்பது அதன் பகுதியாகாது. இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால், நெஞ்சு நோவு வந்தால், மயங்கினால், இரும்புக் குளிசை எடுக்காமலே மலம் தார்போல் கறுத்துப் போனால், உதிரம் நிற்காமல் போனால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றவர்கள் அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது பழைய ரிப்போட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக் கொண்டுபோங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: "எச்.பி. எவ்வளவு, டொக்டர்? கலம் சின்னதா, பெரிசா? எதனால குறைஞ்சது எண்டு நினைக்கிறீங்க?" மூன்றாவது கேள்விக்கு அன்றே விடை இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் கேளுங்கள். கேட்கப்பட்ட கேள்விக்கு வைத்தியர் அடுத்த முறை விடை தேடி வைத்திருப்பார். வல்ல அல்லாஹ் நம் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் பூரண ஆபியத்தைத் தருவானாக.